நமது செய்திகள் எவருடைய குளத்தினூடாகப் பாய்கின்றன? – திறந்த மூலச் செய்திச் சேவையகங்கள் பற்றிய ஒரு பாடம்

ஓர் ஊர் இடம்பெயரும்போது அதன் செய்தி வழிகளும் குலைந்துபோகின்றன. ஊரில் இருந்த காலத்தில் கோயில் மணியடியிலும் சங்கக் கடையிலும் வாய்க்கால் வரம்பிலும் செய்தி தானாகவே பரவியது. முள்ளிக்குளம் மக்கள் 2007 செப்டெம்பரில் ஊரை விட்டு வெளியேற்றப்பட்ட பின்னர் மலங்காடு, காயாக்குழி முதலிய இடங்களில் தங்க நேர்ந்தது. 1990 ஒக்டோபரில் மன்னாரிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களுள் பெரும்பகுதியினர் புத்தளத்தில் வாழத் தலைப்பட்டனர். போர்க்காலத்தில் நமது கரைகளிலிருந்து படகேறி இராமேஸ்வரம் சென்றவர்களுள் பலரின் குடும்பங்கள் இன்னமும் தமிழக முகாம்களில் உள்ளன.

இவ்வாறு சிதறியிருக்கும் ஊரவருக்குக் காணிக் கச்சேரி பற்றிய அறிவித்தலும், கட்டுக்கரைக்குளத்துப் பயிர்ச்செய்கைக் கூட்டத்தின் திகதியும், வெள்ள நிவாரணப் பதிவின் கடைசி நாளும் இன்று பெரும்பாலும் கைத்தொலைபேசிக் குழுக்களின் வழியாகவே போய்ச் சேருகின்றன. 2017 ஏப்ரல் 29ஆம் திகதி முள்ளிக்குளத்தில் 100 ஏக்கர் காணியை விடுவிக்கக் கடற்படை இணங்கியது. இத்தகைய செய்தி வரும்போது அதனை அன்றே அறிந்த குடும்பமும் பத்து நாட்கள் கழித்து அறிந்த குடும்பமும் ஒரே நிலையில் இருப்பதில்லை. ஆகவே அக்குழுக்கள் எவருடைய பொறுப்பில் இயங்குகின்றன என்பதை நாம் அறிந்திருக்க வேண்டும். இப்பாடத்தில் அதனையும், அண்மைக் காலத்தில் திறந்த மூலச் செய்திச் சேவையகங்களில் ஏற்பட்டுள்ள முன்னேற்றங்களையும், அவற்றால் நமக்கு ஆகக்கூடியதையும் நோக்குவோம்.

1. சேவையகம் என்றால் என்ன?

நாம் அனுப்பும் செய்தி நமது தொலைபேசியிலிருந்து நேரே மற்றவரின் தொலைபேசிக்குப் போவதாகத் தோன்றும். உண்மையில் அது முதலில் இணையத்தோடு எந்நேரமும் இணைந்திருக்கும் ஒரு கணனிக்குச் செல்கின்றது. பெறுபவரின் தொலைபேசி அணைந்திருந்தால் செய்தி அங்கே காத்திருக்கும். எவர் எந்தக் குழுவில் உள்ளார், எவர் குழுவின் பொறுப்பாளர் என்ற விபரமும் அங்கேயே இருக்கும். இக்கணனியையும் அதில் இயங்கும் மென்பொருளையும் சேவையகம் என்கின்றோம். சேர்வர் என்று இளைஞர்கள் சொல்வதும் இதனையே.

கமக்காரருக்கு இதனை விளக்கக் குளமே நல்ல உதாரணம். மல்வத்து ஓயாவின் நீர் தேக்கம் அணைக்கட்டில் மறிக்கப்பட்டு வாய்க்கால் வழியே கட்டுக்கரைக்குளத்துக்கு வருகின்றது. அங்கிருந்து நூற்றுக்கு மேற்பட்ட சிறு குளங்களுக்குப் பாய்கின்றது. ஒவ்வொரு சிறு குளத்துக்கும் தனிக் கட்டும் தனித் துருசும் உண்டு. அதனைப் பார்த்துக்கொள்ள அந்தந்த ஊரில் ஆட்கள் உள்ளனர். ஆயினும் எல்லாக் குளங்களும் வாய்க்காலால் இணைந்தே உள்ளன.

செய்திச் சேவையகங்களையும் இரு விதமாக அமைக்கலாம். உலகம் முழுவதற்கும் ஒரே பெருங்குளம், அதன் துருசுத் திறப்பு ஒரே நிறுவனத்தின் கையில் என்பது ஒரு விதம். வட்ஸ்அப், வைபர் ஆகியன இவ்வகையின. ஊருக்கொரு குளம், எல்லாவற்றுக்குமிடையே பொதுவான வாய்க்கால் என்பது மறு விதம். இதனைக் கூட்டிணைப்பு முறை என்பர். மன்னாரில் உள்ள ஒரு சங்கம் தனக்கொரு சேவையகமும் புத்தளத்தில் உள்ள சங்கம் தனக்கொரு சேவையகமும் வைத்திருந்தாலும், இரு பக்கத்தாரும் ஒரே குழுவில் உரையாடலாம்.

2. ஒரே குளத்தை நம்பியிருப்பதன் இடர்

வட்ஸ்அப் செய்திகள் 2016 முதல் அனுப்புபவரின் தொலைபேசியிலேயே பூட்டப்பட்டு, பெறுபவரின் தொலைபேசியிலேயே திறக்கப்படுகின்றன. இடையில் உள்ள நிறுவனத்தால் அவற்றை வாசிக்க இயலாது. இதனை நாம் நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். ஆயினும் எவர் எவரோடு தொடர்பில் உள்ளார் என்ற விபரமும், கணக்கை மூடும் அதிகாரமும், சேவையின் விதிகளை மாற்றும் உரிமையும் நிறுவனத்திடமே உள்ளன.

பெருங்குளம் ஒன்று மூடினால் எல்லோருக்கும் மூடிவிடுகின்றது என்பதை இந்நாட்டில் நாம் பலமுறை கண்டோம். 2018 மார்ச்சில் கண்டி மாவட்ட வன்செயல்களின்போது பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் ஆகியன அரசினால் ஏறத்தாழ ஒரு வாரம் தடுக்கப்பட்டன. 2019 ஏப்ரல் 21ஆம் திகதி உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புக்களின் பின்னரும், 2022 ஏப்ரல் 3ஆம் திகதி பொருளாதார நெருக்கடிக்கு எதிரான போராட்டங்களின்போதும் மீண்டும் தடை வந்தது. எவரும் தடை போடாமலே 2021 ஒக்டோபர் 4ஆம் திகதி பேஸ்புக் நிறுவனத்தின் சொந்தத் தவறினால் வட்ஸ்அப் உட்பட அதன் சேவைகள் எல்லாம் உலகெங்கும் ஆறு மணித்தியாலம் அளவில் நின்றுபோயின.

3. திறந்த மூலம் என்பதன் பொருள்

ஒரு மென்பொருளின் உள்வேலையை எவரும் வாசிக்கலாம், திருத்தலாம், தமது கணனியில் இயக்கலாம், பிறருக்கும் கொடுக்கலாம் என்ற உரிமையோடு வெளியிடப்படுவதே திறந்த மூல மென்பொருள். விதை நெல்லைச் சேமித்து வைத்து மறுபோகம் விதைக்கவும் அயலவருக்குக் கொடுக்கவும் உரிமை உள்ள கமக்காரர், ஒவ்வொரு போகமும் நிறுவனத்திடம் விதை வாங்கவேண்டிய கமக்காரர் ஆகிய இருவருக்கும் உள்ள வேறுபாடு இங்கும் உண்டு.

செய்திச் சேவையகங்களில் இம்மரபு பழையது. ஜெரமி மில்லர் என்பவர் 1999இல் ஜாபர் எனும் முறையை அறிவித்தார். பின்னர் அது எக்ஸ்எம்பிபி எனும் பொது விதிமுறையாயிற்று. அதற்காக 2002இல் தொடங்கப்பட்ட ஈஜாபர்டி எனும் திறந்த மூலச் சேவையகத்தை அடிப்படையாகக் கொண்டே வட்ஸ்அப் தனது தொடக்ககாலச் சேவையைக் கட்டியது. பொதுக்குளத்தில் எடுத்த நீரே பின்னர் வேலியடைத்த தோட்டத்துக்குள் போயிற்று என்று கூறலாம். இந்தியாவில் ‘பிராவ்’ எனும் முயற்சி இதே எக்ஸ்எம்பிபி வழியில், பாவனையாளர்களே உறுப்பினராகும் கூட்டுறவுச் சங்கமாகச் செய்திச் சேவையை நடத்துவதை நோக்கமாகக் கொண்டது. கூட்டுறவை நன்கறிந்த நமது மக்கள் இதனைக் கவனித்து வருவது நன்று.

2014இல் தொடங்கிய மெட்ரிக்ஸ் எனும் விதிமுறை இன்று அதிகம் பேசப்படுகின்றது. அதன் முதன்மைச் சேவையக மென்பொருளின் பெயர் சினாப்ஸ். தொலைபேசியில் பயன்படும் செயலிகளுள் எலிமன்ட் பெயர் பெற்றது. பிரான்ஸ் அரசு தனது அலுவலர்களுக்காக 2019இல் தொடங்கிய ‘சாப்’ எனும் சேவை மெட்ரிக்ஸ் வழியிலேயே இயங்குகின்றது. ஜேர்மன் இராணுவமும் இதனையே பயன்படுத்துகின்றது. தமது செய்திகளைப் பிறநாட்டு நிறுவனத்தின் கணனியில் வைக்க அரசுகளே தயங்குகின்றன என்பதை இது காட்டுகின்றது.

4. அண்மைக்கால முன்னேற்றங்கள்

சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு சிறு சங்கம் சினாப்ஸை இயக்க விரும்பினால் வேண்டாம் என்றே பலரும் ஆலோசனை கூறியிருப்பர். அது அதிக நினைவகத்தை உண்டது. தொலைபேசியில் திறக்க நேரமெடுத்தது. இந்நிலை படிப்படியாக மாறி வருகின்றது. நமக்குப் பயன்படக்கூடிய மாற்றங்கள் ஐந்தை இங்கு தருகின்றோம்.

(அ) விரைவாகத் திறத்தல்: முன்னர் புதிய தொலைபேசியில் நுழைந்ததும் நாம் சேர்ந்துள்ள எல்லாக் குழுக்களின் விபரங்களும் ஒருங்கே இறங்க வேண்டியிருந்தது. 2024 செப்டெம்பரில் சினாப்ஸ் புதிய ஒத்திசைவு முறையைத் தன்னகத்தே சேர்த்துக்கொண்டது. இப்போது திரையில் முதலில் தெரியவேண்டிய குழுக்கள் மாத்திரம் வருகின்றன. ஏனையவை தேவைப்படும்போது வருகின்றன. எல்லா வயல்களுக்கும் ஒரே நேரத்தில் துருசைத் திறவாமல், முறை வந்த வயலுக்கு மட்டும் நீர் விடுவது போன்றது இது. அலைவரிசை மெலிந்த முசலிக் கரையோரத்திலும், டேட்டாவுக்குக் காசு எண்ணிச் செலவழிக்கும் குடும்பத்துக்கும் இதன் பயன் விளங்கும்.

(ஆ) குழுவில் விரைவாகச் சேர்தல்: வேறொரு சேவையகத்தில் உள்ள பெரிய குழுவில் சேர முன்னர் பல நிமிடங்கள் காத்திருக்க வேண்டியிருந்தது. 2023 அளவில் இதற்கான திருத்தம் வந்தது. முக்கியமான விபரங்களை முதலில் பெற்று உரையாடலைத் தொடங்கி, மீதியைப் பின்னணியில் பெற்றுக்கொள்கின்றது. சேவையகத்தின் பாரமான பகுதிகள் சிலவும் 2022 முதல் ரஸ்ட் எனும் வேகமான மொழியில் மீள எழுதப்பட்டு வருகின்றன.

(இ) படங்களுக்குக் காவல்: இது நமக்கு மிக முக்கியமானது. காணி உறுதி, அனுமதிப்பத்திரம், அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றைப் படம் பிடித்துக் குழுவில் இடுவது இன்று வழக்கமாகிவிட்டது. பூட்டப்படாத குழுக்களில் இடப்பட்ட படத்தின் இணைப்பை அறிந்த எவரும், குழுவில் இல்லாதவராயினும், முன்னர் அதனைத் திறக்க முடிந்தது. 2024இல் மெட்ரிக்ஸ் விதிமுறை மாற்றப்பட்டு, கணக்கில் நுழைந்தவருக்கே படத்தைக் கொடுக்கும் முறை வந்தது. ஆயினும் ஆவணப் படங்களைப் பூட்டப்பட்ட குழுவில் மாத்திரமே இடுவது அறிவுடைமை.

(ஈ) கணக்கில் நுழையும் முறை: முன்னர் ஒவ்வொரு செயலியிலும் கடவுச்சொல்லை எழுத வேண்டியிருந்தது. இப்போது நுழைவைக் கவனிக்கத் தனியான மென்பொருள் உண்டு. 2025 ஏப்ரலில் மெட்ரிக்ஸ் அமைப்பின் சொந்தப் பெரிய சேவையகமும் இதற்கு மாறியது. பழைய தொலைபேசியில் காட்டும் சதுரக் குறியைப் புதிய தொலைபேசியால் படம் பிடித்து நுழையும் வசதியும் இதனோடு கூடியது. எழுதுவதில் சிரமப்படும் முதியவருக்கு இது பேருதவி.

(உ) குழுவின் அதிகாரத்துக்குப் பாதுகாப்பு: ஒரு குழு பல சேவையகங்களில் பரவியிருக்கும்போது ஒவ்வொரு சேவையகமும் அக்குழுவின் கூட்டறிக்கைப் புத்தகத்தில் ஒரு பிரதியை வைத்திருப்பது போலாகும். இணைப்பு அறுந்து மீண்டும் கூடும்போது பிரதிகளுக்கிடையே முரண்பாடு எழலாம். எது சரியெனத் தீர்க்கும் முறையில் ஒரு குறை இருந்தது. அதனால் சில வேளைகளில் குழு பழைய நிலைக்குத் திரும்பி, எவர் பொறுப்பாளர், எவர் உறுப்பினர் என்ற விபரங்கள் புரண்டுவிடும். 2025 ஓகஸ்ட் 11ஆம் திகதி பல்வேறு சேவையக மென்பொருள்களும் ஒன்றுகூடி இதற்கான திருத்தத்தை வெளியிட்டன. 12ஆம் பதிப்பு எனப்படும் புதிய குழு அமைப்பு அப்போது வந்தது. பழைய குழுக்கள் தாமாக மாறுவதில்லை; அவற்றைப் பொறுப்பாளரே மேம்படுத்த வேண்டும்.

இப்புதிய அமைப்பில் குழுவைத் தொடங்கியவருக்கு எவராலும் பறிக்க முடியாத அதிகாரம் உண்டு. தொடங்கும்போதே மேலும் சிலரை அதே நிலையில் சேர்க்கவும் இடமுண்டு. கணனி நன்கு தெரிந்த ஓர் இளைஞர் அவசரத்தில் தனது பெயரில் தொடங்கிவிட்டால், பின்னர் அவர் வெளிநாடு சென்றாலும் பிணங்கிக்கொண்டாலும் குழுவின் திறப்பு அவரிடமே இருக்கும். எவர் பெயரில் தொடங்குவது என்பதைச் சங்கக் கூட்டத்தில் தீர்மானித்துக் கூட்டறிக்கையில் எழுதிய பின்னரே தொடங்க வேண்டும்.

இவற்றோடு உரிமம் பற்றியும் ஒன்று கூறுவோம். 2023 இறுதியில் சினாப்ஸின் உரிமம் மாற்றப்பட்டது. மென்பொருளைத் திருத்திப் பிறருக்குச் சேவையாக வழங்குவோர் அத்திருத்தங்களையும் பொதுவில் வெளியிட வேண்டும் என்பது புதிய நிபந்தனை. பொதுக்குளத்தில் நீர் பெறுவோர் சிரமதானத்துக்கும் வர வேண்டும் என்ற நமது வழமையை இது ஒத்தது.

5. கட்டு உடைந்தபோது நடந்தது

2025 செப்டெம்பர் 2ஆம் திகதி மெட்ரிக்ஸ் அமைப்பின் பெரிய சேவையகத்தில் தரவுகளைச் சேமிக்கும் பகுதி பழுதடைந்தது. 55 டெராபைட் அளவான தரவுகளைப் பிரதியிலிருந்து மீட்டெடுக்க ஏறத்தாழ ஒரு நாள் சென்றது. இச்சம்பவம் நமக்கு இரண்டு உண்மைகளைக் கற்பிக்கின்றது.

முதலாவது, அச்சேவையகத்தில் கணக்கு வைத்திருந்தோர் பேச முடியாமலிருந்த வேளையிலும், வேறு சேவையகங்களில் இருந்தோர் தமக்கிடையே தொடர்ந்து உரையாடினர். ஒரு சிறு குளத்தின் கட்டு உடைந்தால் மற்றக் குளங்களின் நீர் வற்றுவதில்லை.

இரண்டாவது, முறையான பிரதி இருந்தபடியால்தான் மீட்பு இயன்றது. அனுபவமிக்கோர் நடத்தும் இடத்திலேயே இவ்வாறு நிகழுமாயின், ஒரு சங்கத்தின் அலுவலக மூலையில் உள்ள கணனிக்கு நிகழாதென எவரும் கூற முடியாது. குளத்தை வெட்டுவதிலும் பார்க்க அதனை ஆண்டுதோறும் துப்புரவாக்கிக் கட்டைப் பேணுவதே கடினம் என்பதை நாம் அறிவோம். சேவையகமும் அவ்வாறே. திருத்தங்கள் வெளிவந்தவுடன் இட வேண்டும். பிரதி எடுத்து வேறொரு இடத்தில் வைக்க வேண்டும். அப்பிரதியிலிருந்து மீட்க முடிகின்றதா என இடைக்கிடை பரீட்சித்துப் பார்க்க வேண்டும். இவற்றைச் செய்ய இருவராவது பயிற்றப்படாத இடத்தில் சேவையகம் வேண்டாம்.

6. இவற்றால் இயலாதவை

சொந்தச் சேவையகம் இருந்தாலும் இணையம் முற்றாக அறுந்தால் அது பயன்படாது. 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா சூறாவளி இதனை நாடெங்கும் உணர்த்தியது. மின்சாரமும் கோபுரமும் விழுந்த இடத்தில் எந்தச் செயலியும் பேசாது. ஒலிபெருக்கி, அறிவித்தல் பலகை, வீடு வீடாகச் செல்லும் ஆள் ஆகிய பழைய வழிகளை நாம் கைவிடலாகாது.

செயலிகளையும் அரசுகள் தடைசெய்யலாம். 2023 மேயில் இந்திய அரசு காஷ்மீரைக் காரணங்காட்டி எலிமன்ட் உட்பட 14 செயலிகளைத் தடைசெய்தது. மேலும், செய்தி வழியிலே பூட்டப்பட்டிருந்தாலும் தொலைபேசி பிறர் கைக்குப் போனால் அங்கே திறந்தே இருக்கும். சேவையகத்தை நடத்துவோருக்குச் சட்டப் பொறுப்பும் உண்டு. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் ஆகியன பற்றி ஒரு சட்டத்தரணியிடம் கேட்டறிந்த பின்னரே தொடங்க வேண்டும்.

இன்னுமொன்று. பல வீடுகளில் தொலைபேசி ஆண்களின் சட்டைப்பையிலேயே உள்ளது. பெண் தலைமை தாங்கும் குடும்பங்களுள் சிலவற்றில் தொலைபேசியே இல்லை. எவ்வளவு நல்ல சேவையகமாயினும் இவர்களைத் தானாகச் சென்றடையாது.

7. நாம் செய்யக்கூடியவை

முதற்படிக்குச் சேவையகம் எதுவும் தேவையில்லை. இப்போதுள்ள குழுக்களுக்கு இரண்டு அல்லது மூன்று பொறுப்பாளர்களை நியமியுங்கள். அவர்களுள் ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும். உறுப்பினர்களின் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். தொலைபேசி இல்லாத ஒவ்வொரு வீட்டுக்கும் செய்தி கொண்டுசெல்லும் அயலவர் எவரெனக் குறித்துக்கொள்ளுங்கள். ஆவணப் படங்களைப் பெரிய குழுக்களில் இடுவதை நிறுத்துங்கள்.

இரண்டாம் படியாக, ஐந்தாறு பேர் சேர்ந்து ஏற்கெனவே இயங்கும் ஒரு மெட்ரிக்ஸ் அல்லது எக்ஸ்எம்பிபி சேவையகத்தில் கணக்குத் திறந்து ஒரு போகம் முழுவதும் பயன்படுத்திப் பாருங்கள். பூட்டப்பட்ட செய்திகளுக்கு ஒரு மீட்புத் திறவுகோல் தரப்படும். தொலைபேசியும் தொலைந்து அத்திறவுகோலும் தொலைந்தால் பழைய செய்திகளை எவராலும் மீட்டுத்தர முடியாது. ஆகவே அதனைத் தாளில் எழுதிக் காணி உறுதியோடு வையுங்கள்.

மூன்றாம் படியாக, பல சங்கங்கள் ஒன்றிணைந்து மாவட்டத்துக்கு ஒரு சேவையகம் அமைப்பது பற்றிச் சிந்திக்கலாம். ஒவ்வொரு ஊரும் தனித்தனியே தொடங்குவது வீண் சுமை. பிரோசொடி போன்ற எக்ஸ்எம்பிபி சேவையகங்களுக்குச் சிறிய கணனியே போதும். சினாப்ஸுக்கு அதனிலும் கூடிய நினைவகம் வேண்டும். மாதச் செலவு, பொறுப்பாளர் இருவர், பிரதி வைக்கும் இடம், முறைப்பாடுகளை விசாரிக்கும் குழு ஆகிய நான்கையும் தீர்மானித்து எழுதிய பின்னரே கணனியை வாங்குங்கள்.

நிலத்தை மீளப்பெறும் முயற்சி ஆண்டுக்கணக்கில் நீள்கின்றது. அத்தனை காலமும் சிதறிய ஊரவர் ஒரே ஊராக இருந்து பேச, கேட்க, தீர்மானிக்க வேண்டியுள்ளது. மென்பொருள் இன்று முன்னரிலும் இலகுவாகியுள்ளது. அதனைக் காவல் செய்யும் பழக்கத்தை நாமே வளர்த்துக்கொள்ள வேண்டும்.

குழுக் கலந்துரையாடலுக்கு

1. நமது ஊரவர் குழுவை எவர் தொடங்கினார்? அவர் இல்லாதுபோனால் குழு எவர் பொறுப்பில் இருக்கும்?

2. சென்ற ஆண்டில் முக்கிய அறிவித்தல் ஒன்று பிந்திக் கிடைத்த குடும்பங்கள் எவை? அதற்குக் காரணம் யாது?

3. நமது குழுக்களில் இதுவரை எத்தகைய ஆவணப் படங்கள் இடப்பட்டுள்ளன? அவற்றை எவரெவர் பார்க்க இயலும்?

4. மூன்று நாட்கள் இணையம் இல்லாவிடில், இன்று வெவ்வேறு இடங்களில் வாழும் ஊரவருக்குச் செய்தி எவ்வழியாகச் செல்லும்?

5. நமது சங்கத்தில் சேவையகப் பராமரிப்பைக் கற்கக்கூடிய இளைஞர், யுவதியர் இருவர் எவர்? அவர்களின் பயிற்சிக்குச் சங்கம் எவ்வாறு உதவலாம்?